துரையைப் போல நடந்து காட்டிய தண்ணிக்காரர்

கேமரன் மலையில் இதுவரை பிறந்தவர்களையும் இனிமேல் பிறக்கப் போகிறவர்களையும் லாரி லாரியாக ஏற்றி வந்து நிறுத்தினாலும், எங்கள் தோட்டத்துத் தண்ணிக்காரரைவிட ஆளைச் சிரிக்க வைக்கிற ஒருவரை உங்களால் காட்ட முடியாது. இதைப் பந்தயம் கட்டிச் சொல்வேன். தோற்கிற பயம் எனக்கு இல்லை.

பேரைக் கேட்டுத் தப்பாக நினைத்துவிட வேண்டாம். கள்ளுக்கடை இருக்கும் திசையில் அவர் தலைவைத்தும் படுத்ததில்லை. தேயிலைக் காட்டில் வேலை செய்கிறவர்களுக்கு நிரை நிரையாகத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பது அவர் வேலை. தோளில் காண்டாக் கம்பு, அதன் இரண்டு முனையிலும் மண்ணெண்ணெய்த் தகரம், இடுப்பில் செருகிய ஒரு சிரட்டை. அவருடைய சொந்தப் பெயரை, ஆள் கணக்கு எழுதுகிற கிராணியே மறந்துவிட்டார். ரிங்லெட் கடைகளுக்குப் போனால் புது ஆட்கள், "இவரா தண்ணிக்காரரு, பார்த்தா அப்படித் தெரியலையே" என்பார்கள். "காலையில அப்படித்தான் லா இருப்பேன்" என்று பதில் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். முகத்தில் ஒரு கோடு அசையாது.

இந்தப் பத்திரிகை ஆசிரியர், உங்களுக்குப் பிடித்த சிரிப்புக்காரர் யார், அவரிடம் என்ன விசேஷம் என்று எழுதச் சொல்லியிருந்தார். இப்போது மேடையில் தன்னந்தனியாக நின்று, மைக்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வைக்கிறார்களே, அவர்களை நானும் தொலைக்காட்சியில் பார்க்கிறேன். கெட்டிக்காரர்கள்தான். ஆனால் பாதிப் பேர் சொல்லி முடிப்பதற்குள் தாங்களே சிரித்துவிடுகிறார்கள். தண்ணிக்காரர் சிரித்து நான் பார்த்ததில்லை. ஏதோ துக்கம் சொல்ல வந்தவர் மாதிரிதான் ஆரம்பிப்பார். குரலும் மெதுவாகத்தான் வரும். காது கொடுத்துக் கேட்க வேண்டுமென்று நாங்கள் கொழுந்துக் கூடையோடு அவர் பக்கம் சாய்வோம். சாய்ந்த பிறகு நிமிர முடியாது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு செடிமேல் விழ வேண்டியதுதான்.

ஒரு மழைக்காலத்தில் அவர் மேட்டிலிருந்து சறுக்கி ஓடைவரைக்கும் போய்விட்டார். நாங்கள் அலறிக்கொண்டு ஓடினோம். சேறும் சகதியுமாக எழுந்து நின்றவர், தகரத்துக்குள் எட்டிப் பார்த்தார். "கவலப்படாதீங்க. தண்ணி சிந்தல. ஆளுதான் சிந்திட்டேன்" என்றார். அன்றைக்கு முழுக்க யாருக்கும் கொழுந்து சரியாக எடுக்க வரவில்லை. கங்காணி எல்லாரையும் திட்டினார்.

அந்தக் கங்காணி திட்டுவதே ஒரு தனிக் கச்சேரி. முதலில் தொண்டையைக் கனைப்பார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டுவார். பிறகு ஒரு விரலைத் தூக்குவார். தூக்கியதும் எதற்குத் திட்ட வந்தோம் என்பது மறந்துபோய்விடும். விரல் மட்டும் மேலேயே நிற்கும். இதையெல்லாம் நாங்கள் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் தண்ணிக்காரர் ஒரு நாள் கங்காணிக்கு எதிரிலேயே நின்று கனைத்து, மடித்துக் கட்டி, விரலைத் தூக்கி, அப்படியே முழித்துக்கொண்டு நின்றபோதுதான் அது எங்கள் கண்ணில் பட்டது. கங்காணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம் அவரால் பழையபடி திட்ட முடியவில்லை. விரலைத் தூக்கினாலே எதிரில் நிற்கிறவன் உதட்டைக் கடிப்பான்.

"எல்லாரும் நடையைத்தான் பார்ப்பாங்க தங்கச்சி. நான் நிக்கிறதைப் பார்ப்பேன். நடக்கறப்ப மனுஷன் உஷாரா இருப்பான். நிக்கறப்ப மறந்துருவான்" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். சிரிப்பைப் பற்றி யார் என்ன எழுதினாலும் இதற்குமேல் ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஆள் எதிரில் இல்லாமல் அவர் யாரையும் செய்துகாட்ட மாட்டார். எத்தனை கெஞ்சினாலும் நடக்காது. "அவன் முன்னால நின்னு சிரிச்சா அது வேடிக்கை. அவன் இல்லாதப்ப சிரிச்சா அது பொரணி. பொரணி பேச வேற ஆளைப் பாருங்க" என்று தகரத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த நிரைக்குப் போய்விடுவார்.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சரியான தொப்பைக்காரர். முதலில் தொப்பை வரும், பிறகு கைத்தடி வரும், கடைசியில்தான் துரை வருவார். தண்ணிக்காரர் அவரைப் போல நடந்து காட்டிக்கொண்டிருந்தபோது துரை பின்னால் வந்து நின்றுவிட்டார். அதாவது, துரை வருவதைப் பார்த்துவிட்டுத்தான் தண்ணிக்காரரே ஆரம்பித்தார். எங்களுக்கு அது தெரியாது. நாங்கள் சட்டென்று கொழுந்தெடுக்கக் குனிந்துகொண்டோம்.

"நீ என்னா செய்யுது?" என்று துரை கேட்டார்.

"உங்களைச் செய்யறேன் துரை."

"இன்னொரு தடவை காட்டு."

தண்ணிக்காரர் நடந்தார். துரை தாடையைத் தடவிக்கொண்டு ஒரு படத்தைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். "கைத்தடி நல்லா இருக்குது. தொப்பை பத்தாது" என்றார். அதிலிருந்து தீபாவளிக்குத் தீபாவளி, பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் எங்களை நிறுத்திப் பேர் கூப்பிடுகிற இடத்தில், துரை நாற்காலி போட்டு உட்கார்ந்து தன்னைத்தானே பார்த்துச் சிரிப்பார். துரை நல்லவர் என்று நான் சொல்லவில்லை. காய்ச்சல்காரர்களை வேலைக்கு விரட்டியிருக்கிறார். எங்களுக்குக் கொடுத்த கூலி அவருக்கே தெரியும். ஆனால் தன்னைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவர். அது எல்லாருக்கும் வருவதில்லை.

பிறகு சப்பான்காரர்களோடு சண்டை வந்தது. ஒரு காலையில் துரை காரில் ஏறி மலையிறங்கிப் போனார். சிங்கப்பூரில் பிடித்துச் சிறையில் போட்டுவிட்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டோம். அவருடைய பங்களாவுக்கு ஒரு சப்பான் அதிகாரி வந்தார். அவரையும் நாங்கள் துரை என்றே சொன்னோம். சப்பான் துரை.

அவர் வந்ததும் பெரட்டுக் களத்தில் முதல் வேலை கொடியைப் பார்த்துக் குனிவது. இரண்டாவது வேலை சப்பான் பாஷையில் எண்ணுவது. வரிசையாக நின்று ஒவ்வொருவரும் ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும். இச்சி, நீ, சான், சீ, கோ. இதில் என்ன வந்தது என்று கேட்பீர்கள். முதல் ஆளாகக் கங்காணி "இச்சி" என்றார். பக்கத்தில் நின்ற கிழவி அவர் முகத்தைப் பார்த்து "நீ" என்றாள். கங்காணிக்குக் கோபம் வந்துவிட்டது. "யாரைப் பார்த்து நீங்கற?" என்று திரும்பினார். வரிசை குலைந்தது. கங்காணிக்குக் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது.

அடுத்த நாளிலிருந்து தண்ணிக்காரர் எப்படியாவது இடித்துப் பிடித்து நாலாவது ஆளாக வந்து நின்றுகொள்வார். அவர் முறை வந்ததும் சப்பான் துரையை ஏறிட்டுப் பார்த்து, சாமி கும்பிடுகிற பக்தியோடு, அடிவயிற்றிலிருந்து "சீ" என்பார். சப்பான் துரை தலையாட்டினார். இந்த ஆள்தான் உச்சரிப்பில் முதல் என்று கிராணியிடம் சொன்னாராம். கிராணி சப்பான் பாஷை வகுப்புக்குப் போய்க் கொஞ்சம் கற்றிருந்தார்.

"அண்ணே, உங்களுக்குப் பயமே இல்லையா?" என்று கேட்டேன்.

"முகத்துக்கு நேராத்தானே சொன்னேன். பொரணி இல்லையே" என்றார்.

அந்தச் 'சீ'யை நம்பித்தான் நாங்கள் காலையில் எழுந்தோம் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். வேறு எதற்காக எழுவது? அரிசி நின்றுபோயிற்று. எப்போதாவது வருவதும் சுண்ணாம்பு கலந்து வரும். தேயிலையைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி போட்டோம். காலையிலும் கிழங்கு, ராத்திரியும் கிழங்கு. பிள்ளைகளுக்குக் கையும் காலும் குச்சியாகி வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று லாரி வந்தது. என் வீட்டுக்காரர் அந்த லாரியில் போனார். சீக்கிரம் திரும்பலாம் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். எனக்கு இடுப்பில் கைக்குழந்தை. லாரி வளைவில் மறைகிறவரை அவர் கையை ஆட்டிக்கொண்டே போனார்.

ஒரு மத்தியானம், தூறலில், எங்களை எல்லாம் பெரட்டுக் களத்துக்கு வரச் சொன்னார்கள். சப்பான் துரை உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் விருந்தாளிகளாக வந்த இரண்டு அதிகாரிகள். முன்னால் ஒரு மூட்டை. மூட்டை வாயைக் கொஞ்சம் அவிழ்த்து வைத்திருந்தார்கள். வெள்ளை அரிசி.

கிராணி தண்ணிக்காரரைக் கூப்பிட்டார். "பழைய துரை மாதிரி செஞ்சு காட்டணுமாம். நல்லா செஞ்சா மூட்டை நம்ம லயத்து வீடுகளுக்கு."

தண்ணிக்காரர் தகரத்தை இறக்கி வைத்தார். "துரை இங்க இல்லையேங்க" என்றார்.

"இல்லாததாலதான்யா செய்யச் சொல்றாங்க."

அவர் மூட்டையைப் பார்த்தார். திரும்பி எங்களைப் பார்த்தார். என் குழந்தை மழையில் நனைந்த கையைச் சூப்பிக்கொண்டிருந்தது.

செய்தார். சாகிறவரைக்கும் எனக்கு அது மறக்காது. தொப்பை வந்தது, கைத்தடி வந்தது, துரை வந்தார். அதுவரை எங்களுக்குத் தெரிந்ததுதான். பிறகு தெரியாததெல்லாம் வர ஆரம்பித்தது. குண்டுச் சத்தம் கேட்டு துரை மேசைக்கடியில் நுழைகிறார், தொப்பை மாட்டிக்கொள்கிறது. கார்க் கதவு திறக்கவில்லை, கதவிடம் கெஞ்சுகிறார். காய்ச்சல்காரனைப் பிரம்பால் எழுப்புகிறார். கடைசியில் மண்டியிட்டு, கொடியைப் பார்த்துக் குனிகிறார். தொப்பை இடிக்கிறது, குனிய முடியவில்லை, மறுபடி முயல்கிறார், கவிழ்ந்து விழுகிறார்.

விருந்தாளிகள் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். நாங்கள் அதைவிட அதிகமாகச் சிரித்தோம். கங்காணி தரையில் உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் லாரி ஏறிய பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். கண்ணீர் வழிய வழியச் சிரித்தேன். அது சிரிப்பா வேறு ஏதாவதா என்று பிரிக்க முடியாத மாதிரி இருந்தது.

அரிசி கிடைத்தது. அன்றைக்குச் சாயங்காலமே பொங்கினோம். தண்ணிக்காரரும் சாப்பிட்டார், மறுபடி வாங்கியும் சாப்பிட்டார். பசி எல்லாருக்கும் ஒன்றுதான். கை கழுவும்போது என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நல்லா இருந்துச்சா தங்கச்சி?"

"இவ்வளவு நாள் செஞ்சதிலேயே இன்னைக்குத்தாண்ணே நல்லா இருந்துச்சு."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. செய்யச் செய்ய ருசியா இருந்துச்சு. அதான் மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்றார். ஈரக் கையை வெகுநேரம் வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிறகும் சில தடவை பங்களாவுக்குக் கூப்பிட்டு அதையே செய்யச் சொன்னார்கள். அரிசி வரவில்லை, ஒரு சிகரெட்டோ ரொட்டித் துண்டோ கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வந்து யாரிடமாவது கொடுத்துவிடுவார். போகப்போக அவர்களுக்கே அலுத்துவிட்டது. ஆனால் எங்கள் நிரைக்கு வந்தால் இப்போது தண்ணீரைச் சிரட்டையில் ஊற்றிக் கொடுப்பதோடு சரி. காலை வரிசையில் நாலாவதாக நிற்க முண்டுவதும் இல்லை. கங்காணி அவர் எதிரில் போய் நின்று, தானே கனைத்து, வேட்டியை மடித்து, விரலைத் தூக்கிக் காட்டினார். "எப்படிச் செய்வே, மறந்துட்டியா?" என்று கேட்டார். பாவம், தன்னைச் செய்துகாட்டுகிற ஆளைப் பார்த்தே அவருக்குப் பல நாள் ஆகியிருந்தது. தண்ணிக்காரர், "நீங்களே நல்லா செய்யறீங்க கங்காணி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் ஒரு தடவை அவரிடம் ஒன்று கேட்டேன். சயாம் போனவர் முகம் ஞாபகம் இருந்தது, அவர் நின்ற விதம் மறந்துகொண்டே வந்தது. "அண்ணே, என் வீட்டுக்காரர் லயத்து வாசல்ல எப்படி நிப்பாரு, ஒரே ஒரு தடவை காட்டுங்களேன்" என்றேன்.

அவர் கம்பைத் தோளிலிருந்து இறக்கினார். செய்யப் போகிறார் என்றுதான் நினைத்தேன். மறுபடி தோளில் வைத்துக்கொண்டார்.

"வேணாம் தங்கச்சி. அவரு வரட்டும். வந்ததும் அவர் முன்னாலயே செய்யறேன்."

என் வீட்டுக்காரர் வரவில்லை. நான் மறுபடி கேட்கவும் இல்லை.

சப்பான்காரர்கள் தோற்றுப் போய்ச் சில மாதம் கழித்து, பழைய துரை வருகிறார் என்று கிராணி சொன்னார். பெரட்டுக் களத்தில் கூடினோம். லாரியிலிருந்து ஒருவரைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். துரையோடு வந்த வேறு யாரோ என்று நினைத்து, நாங்கள் அவருக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தோம். பின்னால் யாரும் இல்லை. சட்டைக் கழுத்துக்குள் அவர் கழுத்து தனியாக நின்றது. தொப்பை இருந்த இடத்தில் பெல்ட்டைச் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தார். கைத்தடி இருந்தது. ஆனால் இப்போது அதுதான் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தது.

"எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டார். எங்களில் பாதிப் பேர் இல்லை என்பதை அவரே கண்ணால் எண்ணிப் பார்த்துவிட்டு, வேறு கேள்வி கேட்கவில்லை.

அப்போது தண்ணிக்காரர் கூட்டத்திலிருந்து வெளியே வந்தார்.

"துரை, நீங்க இல்லாதப்ப நான் உங்களைச் செஞ்சேன். இவங்களும் பார்த்தாங்க, சப்பான்காரங்களும் பார்த்தாங்க. இப்ப உங்க முன்னால செய்யறேன். பார்த்துட்டு, திட்டணும்னா திட்டுங்க."

கிராணி அவர் கையைப் பிடித்து இழுத்தார். துரை, விடு என்று கைகாட்டினார். நாற்காலி கொண்டுவந்தார்கள், உட்கார்ந்தார்.

தண்ணிக்காரர் ஒன்றையும் மறைக்கவில்லை. தொப்பை, கைத்தடி, மேசைக்கடியில் நுழைந்தது, கார்க் கதவு, காய்ச்சல்காரன், எல்லாம் செய்தார். கொடிக்கு முன்னால் மண்டியிடும் இடம் வந்தபோது துரையை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தார். இருந்தாலும் மண்டியிட்டார், குனிந்தார், விழுந்தார். அப்போது பார்த்த அதேதான். ஒரு அசைவு குறையவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை.

துரை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் மெதுவாகக் கையைத் தட்டினார்.

"நல்லா இருக்குது. யாரு அது?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கங்காணிதான் துணிந்து, "நீங்கதான் துரை" என்றார்.

துரை தலையை ஆட்டினார். "இல்லே, இல்லே. அப்படி ஆளு எனக்குத் தெரியாது" என்றார். தடியை ஊன்றி எழுந்து பங்களாவைப் பார்த்து நடந்தார்.

அவர் மன்னித்துவிட்டார், அதைத்தான் அப்படிச் சொன்னார் என்று கிராணி பிறகு விளக்கம் சொன்னார். சிறையில் பட்ட பாட்டில் மூளை கலங்கிவிட்டது என்றார் கங்காணி. எனக்கென்னவோ அவர் பார்த்ததைத்தான் சொன்னார் என்று படுகிறது.

தண்ணிக்காரர் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார். அன்றைக்குத் தண்ணீர் கொடுக்க வந்தபோது என்னிடம் சொன்னார்: "அந்த ஆளு இப்ப எங்கயுமே இல்ல தங்கச்சி. இனிமே யாரு முன்னால போயி செஞ்சு காட்டறது?" வழக்கமான அந்தத் துக்க முகம்தான். ஆனால் அதற்குப் பின்னால் ஒன்றும் வரவில்லை. நான் பழக்க தோஷத்தில் கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

துரை சீமைக்குப் போனார், திரும்பவில்லை. தண்ணிக்காரரும் தோட்டத்தை விட்டு ரிங்லெட் பக்கம் ஒரு சீனர் காய்கறித் தோட்டத்துக்குப் போய்விட்டார். நான் ராத்திரிப் பள்ளியில் படித்து, பள்ளிக்கூட வேலை கிடைத்து, குழந்தையோடு மலையடிவாரத்துத் தாப்பாவுக்குக் குடிவந்துவிட்டேன். அவரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு விடுமுறைக்கும் நினைப்பேன். விடுமுறை முடிந்துவிடும்.

ரிங்லெட்டில் அணை கட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவர் இறந்துபோனார் என்று லாரிக்காரர் ஒருவர் வந்து சொன்னார். போனேன். கோஸ் பயிருக்கு நடுவே ஒரு பலகை வீடு. கொஞ்சம் பேர் நின்றார்கள். எல்லாரும் அவரைப் பற்றி நல்லபடியாகவே பேசினார்கள். ரொம்ப அமைதியான மனுஷன், வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை என்றார்கள்.

எனக்குத் தாங்கவில்லை. அப்படி இல்லை, இவர் எங்களை எப்படியெல்லாம் சிரிக்க வைத்தார் தெரியுமா என்று ஆரம்பித்தேன். ஓடையில் விழுந்த கதையைச் சொன்னேன். சப்பான் எண்ணிக்கையைச் சொன்னேன். மரியாதைக்குக் கேட்டுக்கொண்டார்கள். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. எனக்குத்தான் பாதியில் சிரிப்பு வந்து, மேலே சொல்ல முடியாமல் போயிற்று.

அங்கிருந்த ஒரு பெண் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்க்கா?" என்று கேட்டாள்.

"கூடப் பொறந்தவ" என்றேன்.